ஒன்பதாம் அறையில் மூன்று நாள்

அந்த விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள் வீட்டுக்குப் போகும்முன் மூன்று நாள் அங்கேயே விருந்தாளியாகத் தங்கலாம். பதினோரு அறைகளில் எது பிடிக்கிறதோ அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். "காலம் பூரா அடுத்தவங்களுக்குப் படுக்கை விரிச்சவங்க, மூணு நாளாவது விரிச்ச படுக்கையில படுக்கட்டுமே" என்று பெரிய முதலாளியம்மா ஆரம்பித்து வைத்தது. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு மகன் பல வழக்கங்களைக் கைகழுவிவிட்டார். இதை மட்டும் விடவில்லை.

தீவுக்கு வருகிற யாராக இருந்தாலும் கடலைத்தான் கேட்பார்கள். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் அப்படித்தான். சமையல்காரர் ஓய்வு பெற்றபோது கடலைப் பார்த்த ஒன்றாம் அறையில் தங்கினார். தங்கினார் என்பது பேச்சுக்குத்தான். மூன்று நாளும் புதுச் சமையல்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு உப்புப் பார்த்து, அந்த மனிதரை அழாத குறையாக ஆக்கிவிட்டார். படகுக்காரர் இரண்டாம் அறையை வாங்கி மூன்று நாளும் தூங்கினார். சாப்பிட எழுப்பினால், "அலை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிறகு துணியறை அக்காவின் முறை வந்தது. அவள் ஒன்பதாம் அறையைக் கேட்டாள்.

சின்ன முதலாளி பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். சின்ன முதலாளிக்கே ஐம்பதை ஒட்டி வயசாகிறது. ஆனாலும் அவர் அரைக்கால் சட்டை துவைத்தவள் என்ற உரிமையில் அக்காவுக்கு அவர் தம்பிதான்.

"ஒன்பதா? அக்கா, அங்கேருந்து பார்த்தா என்ன தெரியும்? தண்ணித் தொட்டிதான் தெரியும்."

"தெரியும் தம்பி. ஆயிரம் தடவை பார்த்திருக்கேன்."

"அப்புறம் என்னத்துக்கு?"

"இன்னும் ஒரு தடவை பார்க்கணும்."

கடலுக்கு அக்கரையில் குடும்பம் நடத்தும் மகள் போனில் சத்தமே போட்டாள். "ஏம்மா, ஊரெல்லாம் விமானம் ஏறி வந்து பார்க்கிற கடலு. நீ என்னடான்னா தொட்டியப் பார்க்கிற ரூமைக் கேட்டிருக்கே!" அக்கா பேச்சை மாற்றிவிட்டாள். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

முப்பத்து நாலு வருஷம் அவள் அந்தத் துணியறையில் இருந்தாள். விடுதிக்குப் பின்னால் தனியாக நிற்கும் கட்டடம் அது. கீழே துவைக்கிற இடமும் அலமாரிகளும், மேலே மொட்டை மாடியில் ஏழு கொடிகளும். ஒரு பெட்ஷீட்டின் ஆயுசு முழுவதும் அவள் கையில்தான் கழிந்தது. புதிதாக இருக்கும்போது கடல் பார்த்த அறைக்குப் போகும். நடுவில் கொஞ்சம் நைந்ததும் பின்பக்க அறைக்கு வரும். இன்னும் நைந்தால் ஓரத்து நல்ல துணியை வெட்டித் தலையணை உறை. அதுவும் போனால் தூசித் துணி. "நம்மளைவிட பெட்ஷீட்டுக்கு மரியாதையான வாழ்க்கை. ஒவ்வொரு படியா இறக்கி விடுறாங்க. நமக்கு ஒரே நாள்ல மாலையைப் போட்டு அனுப்பிடுறாங்க" என்பாள்.

துணியறைக்கு வேறொரு வேலையும் இருந்தது. கரையோரத்துப் பாறை மேல் ஒரு கோயில் உண்டு. அரைக்கால் சட்டையோடு உள்ளே போகக் கூடாது. அதனால் விடுதியில் தங்குகிறவர்கள் துணியறைக்கு வந்து, இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு மஞ்சள் துணி வாங்கிப் போவார்கள். தினமும் காலையில் கோயில் மணி அடித்ததும் ஒவ்வோர் அறை வாசலிலும் தென்னங்கீற்றில் முடைந்த உள்ளங்கை அகலத் தட்டில் நாலு பூ வைப்பதும் துணியறைப் பெண்களின் வேலைதான். இரவு நல்லபடியாகக் கழிந்ததற்கு ஒரு நன்றி, அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் அதை மிதித்துவிட்டு, மன்னிப்புக் கேட்க யாரைத் தேடுவது என்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பார்கள்.

ஒரு சட்டமும் உண்டு. வேலைக்காரர்கள் யாரும் விருந்தாளியின் படுக்கையில் உட்காரக் கூடாது. மூலையைச் செருக முட்டியைக்கூட ஊன்றக் கூடாது. அக்கா அந்தச் சட்டத்தை முப்பத்து நாலு வருஷத்தில் ஒருநாளும் மீறியதில்லை. பெருமையாக அதைச் சொல்லவும் செய்வாள். அந்தப் பெருமைதான் பின்னால் அவளுக்கு எதிரியாக நின்றது.

இனி, அவள் புருஷன் கதையைச் சொல்லாமல் முடியாது.

அவர் தீவுக்காரர் இல்லை. அக்கரையில் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். கடை முதலாளி நாலு நாள் விடுப்புக் கொடுத்தார் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக உல்லாசப் பயணம் வந்தார். இருப்பதிலேயே சின்ன அறையான ஒன்பதில் தங்கினார். கடற்கரைக்குப் போனால் எப்படி இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு மணலில் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தார், தானும் கிடந்தார். அவர்கள் எழுந்து போன பிறகும் கிடந்தார். சாயங்காலம் முதுகும் தோளும் வெந்துபோய் நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். மறுநாள் முழுவதும் அறையை விட்டு அசையவில்லை.

அந்த மறுநாள் காலையில்தான் அவர் கண்ணைத் திறந்தாராம். எதிரே மொட்டை மாடி, நீல வானம், காற்றில் எழும்பும் வெள்ளைத் துணி. அதை இழுத்துப் பிடித்துக் கொடியில் கிளிப்பு மாட்டிக்கொண்டு ஒரு பெண் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தாளாம்.

காய்ச்சல் விட்ட மனிதருக்குத் திடீரென்று பக்தி முற்றியது. காலையில் வந்து மஞ்சள் துணி வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார். திருப்பிக் கொடுத்துவிட்டு மத்தியானம் மறுபடி வாங்கினார். சாயங்காலம் மறுபடி. நாலாம் நாள் வரவேற்பு மேஜையில் போய், "இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போறேனே" என்றார். அந்த நாலு முடிந்ததும் இன்னும் ஒரு நாலு. கடைசியில் செருப்புக் கடைக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டு, அதே வரவேற்பு மேஜைக்குப் பின்னால் வேலைக்கு உட்கார்ந்துவிட்டார். சாகும்வரை தீவில் அவருக்குப் பெயர் நாலு நாள் சார்.

பெண் பேசியவர் பழைய சமையல்காரர். "மாடியில துணி காயப்போடுற பொண்ணு" என்று மட்டும்தான் நாலு நாள் சார் அவரிடம் சொல்லியிருந்தார். துணியறையில் அப்போது இரண்டு பெண்கள். ஒருத்தி அக்கா. இன்னொருத்தியை எல்லோரும் நெட்டை என்பார்கள். நல்ல உயரம், நிறம், சிரித்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அவளுக்கு ஏற்கெனவே நிச்சயமாகியிருந்தது. ஆகவே சமையல்காரர் விரல் விட்டு எண்ணாமலே கணக்குப் போட்டு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வந்து பார்த்து, "இவங்கதான்" என்று தலையாட்டினார். எல்லாம் நல்லபடியாக நடந்தது.

கல்யாணச் சாப்பாட்டில்தான் வினை. யாரோ வாயைக் கிளற, மாப்பிள்ளை அந்த மொட்டை மாடிக் கதையைச் சொன்னார். "இடது கையால டக்கு டக்குன்னு கிளிப்பு மாட்டிட்டே போறாங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்றார். பந்தியே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் வலது கையைப் பார்த்தாள்.

இடது கைக்காரி நெட்டை.

இதைப் போய் யாரிடம் சொல்வது? கட்டின புருஷனிடம், நீங்கள் பார்த்தது என்னை இல்லை என்றா? ஆள் மாறிப்போனதைச் சொல்ல வாய் வராமல் தலையாட்டிவிட்டார், நல்ல மனிதர், ஒத்துக்கொண்டதற்காகக் குடும்பம் நடத்துகிறார் என்று அவளே ஒரு தீர்ப்பு எழுதி உள்ளே பூட்டிவைத்தாள். வெளியே கேலிதான். "ஒன்பதாம் ரூம் ஜன்னல்லேருந்து மாடி தெரியவே தெரியாதுங்க. தொட்டி மறைக்குது. காய்ச்சல் வேகத்துல எதையோ பார்த்திருக்கீங்க" என்பாள். ஒருநாள் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் ஜன்னலில் நிறுத்தியே காட்டினாள். அவர் இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். "அன்னிக்குத் தெரிஞ்சுதே" என்றார். அவருக்கே குழப்பம். ஆனால் கதையை மட்டும் மாற்றவில்லை. வருஷா வருஷம், தான் தீவுக்கு வந்த நாளில், "என்ன, இப்பவாவது நம்புறியா?" என்று கேட்பார். "போங்க, அந்தண்டை" என்பாள்.

மற்றபடி அவரிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. செருப்புக் கடைப் புத்தி போகவில்லை, அவ்வளவுதான். தினமும் காலையில் அறை அறையாகப் போய், வாசலில் கிடக்கும் செருப்புகளை எல்லாம் பூத்தட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் தள்ளி, நுனி கடலைப் பார்க்கும்படி ஜோடி சேர்த்து வைப்பார். "வந்தவங்க காலை நுழைச்சா நேரா கடலுக்குப் போயிடணும். திரும்பி நின்னு யோசிக்கவிடக் கூடாது" என்பார். செருப்புத் தேய்ந்திருப்பதை வைத்தே இவர் முன்கோபி, இந்தம்மா நடக்கும்போது பாடும் ஜாதி என்று சொல்வார். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். முப்பத்தோரு வருஷம் அப்படிச் சிரித்துப் பேசியே ஓடிவிட்டது. அக்கா அந்த வருஷங்களை நினைத்துக்கொண்டால் மனசு நிறைந்துதான் போகும். அந்த ஓர் இடம் மட்டும் முள் மாதிரி.

அந்த முள்ளை அவள் கடைசியில் அவர் மேலேயே குத்திவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில். கை ஊசி மாற்ற வந்த நர்சிடம் அவர் சன்னமான குரலில் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பல நாள் தூக்கமில்லை, பயம், எரிச்சல். "இடது கையால..." என்று அவர் ஆரம்பித்ததும் அக்காவுக்கு என்ன வந்ததோ, "அது நான் இல்லைங்க, நெட்டை. அவதான் இடது கைக்காரி. போதும், விடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீதான்" என்றார். அந்தக் கதையை மறுபடி அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் போய்விட்டார்.

அவர் சொன்னது உண்மையா, மனசைத் தேற்றச் சொன்னதா? இந்தக் கேள்விதான் அக்காவை ஒன்பதாம் அறைக்குக் கொண்டுவந்தது. உண்மை இல்லையென்றால் வலிக்கும், தாங்கிக்கொள்ளலாம். உண்மையென்றால் சாகக் கிடந்தவரிடம் அவள் சொன்ன சொல்லை என்ன செய்வது? இரண்டில் ஒன்று தெரியாமல் வீட்டில் போய் உட்கார அவளால் முடியாது.

முதல் நாள் ஒரு பையோடு வந்து, விருந்தாளி போல வரவேற்பு மேஜையில் கையெழுத்துப் போட்டாள். அறையில் எதுவும் மாறவில்லை. பின்சுவரை ஒட்டித் தலைமாடு வைத்த கட்டில். அதற்கு மேலே, எட்டாத உயரத்தில், இரண்டு கம்பி போட்ட வெண்டிலேட்டர். எதிர்ச்சுவரில் பெரிய முதலாளியம்மாவின் கல்யாணத்துக்கு வந்த மரச்சட்டக் கண்ணாடி. ஓரமெல்லாம் கறுத்துப்போனதால் அக்கா வேலைக்குச் சேரும்முன்பே முன்பக்க அறையிலிருந்து இங்கே வந்தது. அதுவும் ஒவ்வொரு படியாக இறங்கியதுதான். பக்கச் சுவரில் அந்த ஜன்னல். அக்கா நேராக ஜன்னலுக்குப் போனாள். தொட்டி. குனிந்து பார்த்தாள், எட்டிப் பார்த்தாள், நாற்காலி போட்டு ஏறியும் பார்த்தாள். தொட்டி, தொட்டி, தொட்டிதான்.

மறுநாள் விடியும்முன் வழக்கம்போல எழுந்தாள். எழுந்தவள் பெட்ஷீட்டை உருவி, உறைகளைக் கழற்றி, நாலாக மடித்து வாசலில் வைத்துவிட்டு, குளித்துவிட்டு வந்து அடுத்து என்ன வேலை என்று நின்றபோதுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வாசலில் புதுசு நின்றிருந்தாள். துணியறையில் அக்காவுக்கு அடுத்தவள். வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் பெயர் புதுசுதான்.

"அக்கா, ஒரு நாள் படுத்த ஷீட்டை மாத்த மாட்டோம். நீங்க போட்ட ரூல்தான்."

"கை பழக்கம்டி. கொடு, நானே விரிச்சுக்கிறேன்."

"விரிக்கக் கூடாது. நீங்க கெஸ்ட். வெளிய போங்க."

வெளியே கால் வைக்கப் போனவள் நின்றாள். வாசலில் கீற்றுத் தட்டில் நாலு பூ. பல வருஷமாகத் தன் கையால் மற்ற வாசல்களில் வைத்தது, இன்று தனக்காக இருந்தது. பக்கத்தில், நேற்று அவள் கண்டபடி உதறிவிட்ட செருப்பு, ஜோடி சேர்ந்து, நுனி கடலைப் பார்த்து.

"யாருடி வச்சது?"

"நான்தான். சார் இருந்தப்ப சொல்லிக் கொடுத்தது. தினமும் வைக்கிறேனே, நீங்க பார்த்ததில்லையா?"

பார்த்ததில்லை. இரண்டு வருஷமாக அக்கா அந்த வாசல்களைக் குனிந்து பார்ப்பதையே விட்டிருந்தாள். செருப்பில் காலை நுழைத்தாள். அது அவளை நேராகக் கடலுக்குத்தான் கொண்டுபோனது.

கடற்கரையில் சாய்வு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஓய்வெடுப்பது லேசான வேலை இல்லை என்பது அரை மணியில் தெரிந்துவிட்டது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர்கள் நீந்தப் போன சமயம் அவர்கள் டவல்களை மூன்றாக மடித்து அடுக்கினாள். திரும்பி வந்தவர்கள் ஈரம் சொட்டச் சொட்ட நன்றி சொல்லி, அவளிடம் டீயும் கேட்டார்கள். அக்கா எழுந்து போய் டீயும் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். சின்ன முதலாளி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

சாயங்காலம் மறுபடி ஜன்னல். மறுபடி தொட்டி. ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். அவர் பொய்யும் சொல்லவில்லை, காய்ச்சலில் உளறவும் இல்லை. வேறெங்கோ நின்று, வேறொரு நாள், நெட்டையைத்தான் பார்த்திருக்கிறார். கோபமா, அழுகையா என்று பிரிக்க முடியாத ஒன்றோடு மறுநாள் முழுவதையும் வெயிலில் கழித்தாள். குடைக்குள் வரச் சொன்னவர்களிடமும் எரிந்து விழுந்தாள். அவர் கிடந்த மாதிரியே கிடந்தாள். ராத்திரி உடம்பு அனலாகக் கொதித்தது.

கிளம்ப வேண்டிய நாலாம் நாள் காலை கோயில் மணி அடித்தது அவளுக்குக் கேட்டது. எழுந்திருக்க முடியவில்லை. எழுந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைவு வந்தது. வயசு ஐம்பத்தெட்டில் முதல் தடவையாக, மணி அடித்த பிறகும் புரண்டு படுத்துத் தூங்கினாள்.

கண்ணைத் திறந்தபோது ஒன்பது மணி இருக்கும்.

எதிரே மொட்டை மாடி. நீல வானம். காற்றில் ஒரு வெள்ளைத் துணி எழும்பியது. அதை இழுத்துப் பிடித்து ஒரு பெண் கொடியில் கிளிப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால்.

அக்கா அவளை நெட்டை என்றே நினைத்தாள். விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். மாடியைக் காணோம். எதிர்ச்சுவரில் பழைய கண்ணாடி, அதற்குள் தலை கலைந்து பேயறைந்த மாதிரி அவளே. மறுபடி மெதுவாகத் தலையணையில் சாய்ந்தாள். மாடி வந்தது. எழுந்தாள், போயிற்று. சாய்ந்தாள், வந்தது. தலைக்கு மேலே இருந்த வெண்டிலேட்டரை அண்ணாந்து பார்த்தாள். அதன் வழியாக வருகிற மாடி எதிர்க் கண்ணாடியில் விழுந்து, அங்கேயிருந்து தலையணையில் கிடக்கிறவர் கண்ணுக்கு வருகிறது. படுத்தால்தான் தெரியும், நின்றால் தெரியாது. அந்தக் கண்ணாடியை அவள் ஆயிரம் தடவை துடைத்திருக்கிறாள், எல்லாம் நின்றபடி.

கண்ணாடியில் இருந்தவள் நெட்டை இல்லை, புதுசு. ஆனால் புதுசு எப்போது இடது கைக்காரி ஆனாள்? ஆறு வருஷமாகப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவளாயிற்றே!

அக்கா படுத்தபடியே வெண்டிலேட்டரைப் பார்த்துக் கத்தினாள். "ஏ புதுசு!"

கண்ணாடிக்குள் புதுசு திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். "அக்கா? எங்கேருந்து கூப்பிடுறீங்க?"

"ரூம்லேருந்துதான். வலது கையைத் தூக்குடி!"

கண்ணாடியில் இடது கை உயர்ந்தது.

"வலது கையைத்தானே சொன்னேன்!"

"வலதுதான் அக்கா தூக்கியிருக்கேன்! உடம்பு கிடம்பு சரியில்லையா? வரட்டுமா?"

அக்கா தினமும் தலைவாரும்போது கண்ணாடியில் பார்க்கிற சங்கதிதான். வகிடு அந்தப் பக்கம் இருந்தால் கண்ணாடியில் இந்தப் பக்கம். வலது கையைத் தூக்கினால் இடது. நெட்டை அங்கே நின்று இடது கையால் மாட்டியிருந்தால், இங்கே படுத்திருந்தவருக்கு அது வலது கையாகத்தான் தெரிந்திருக்கும். அவர் பார்த்தது இடது கை. அப்படியென்றால் அங்கே நின்று மாட்டியவள் வலது கைக்காரி.

"நான்தானா?" என்று வாய்விட்டே கேட்டாள். கேட்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்தோரு வருஷம் அந்த மனிதர் ஒரே கதையை, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், நிஜமாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவளிடம்தான் சொன்னார், அவளைப் பற்றித்தான் சொன்னார். அவள் ஒருத்தி மட்டும் நம்பவில்லை. தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு, "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்று எத்தனை தடவை சொன்னாளோ, கணக்கில்லை. சொல்லும்போதே நடுவில் சிரிப்பும் வந்தது. பதினோரு அறைக்கும் துணியறைக்கும் நடுவே இத்தனை வருஷம் ஓடி ஓடி உழைத்ததில், ஒரே ஒரு நாள் சட்டத்தை மீறி இந்தக் கட்டிலில் சாய்ந்திருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும்.

முகத்தைக் கழுவிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். புதுசு பயந்துபோய் நின்றிருந்தாள்.

"அக்கா, காய்ச்சல் கொதிக்குது உங்களுக்கு. எதுக்கு வெயில்ல வந்தீங்க?"

"அந்த ஷீட்டை இப்படிக் கொடு. நீ தள்ளி நில்லு."

"நீங்க கெஸ்ட்டுக்கா."

"இது ஒண்ணு மட்டும். அப்புறம் கேட்க மாட்டேன்."

ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. "சனியனே, கொஞ்சம் சும்மா இரேன்" என்று அதைத் திட்டிக்கொண்டே, வலது கையால், ஒவ்வொரு கிளிப்பாக, அவசரப்படாமல் மாட்டிக்கொண்டு போனாள். கடைசிக் கிளிப்பு மாட்டியதும் கீழே ஒன்பதாம் அறை வெண்டிலேட்டரைப் பார்த்தாள். இருட்டுச் சதுரம், இரண்டு கம்பி. உள்ளே யாரும் இல்லை என்பது தெரியும். ஆனாலும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"நம்புறேங்க" என்றாள்.

"யார்கிட்ட அக்கா பேசுறீங்க?" என்றாள் புதுசு.

"உங்க சார்கிட்டதான்."

மத்தியானம் அறையைக் காலி செய்ய வேண்டும். மற்ற விருந்தாளிகளுக்கு உள்ள கணக்குப்படி பன்னிரண்டு மணி. பதினொன்றரைக்கு அக்கா வரவேற்பு மேஜைக்கு வந்தாள். கையில் பை இல்லை. சின்ன முதலாளி எழுந்து நின்றார். கடையில் சொல்லிவைத்த மாலை ஒரு தட்டில் தயாராக இருந்தது.

"என்னக்கா, மூணு நாள் எப்படிப் போச்சு? கடலைப் பார்த்தீங்களா, தொட்டியையே பார்த்துட்டு இருந்தீங்களா?"

"ஒன்பதாம் ரூமுக்கு வேற யாரும் வர்றாங்களா தம்பி?"

"அதுக்கு யாரு வருவா? சும்மாதான் கிடக்கும்."

அக்கா மேஜையைப் பார்த்தாள். நாலு நாள் சார் முப்பத்தோரு வருஷம் கை ஊன்றி ஊன்றி, மரம் வழுவழுப்பாகிவிட்ட அந்த ஓரத்தில் தன் கையை வைத்துக்கொண்டாள். மேஜைக்கு இந்தப் பக்கம், விருந்தாளிகள் நிற்கும் பக்கம், அவர் ஒருநாள் மஞ்சள் துணியோடு வந்து நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு கேட்டாள்.

"இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போறேனே."